சிட்டிசன் சயின்ஸ்: துண்டறிக்கைக்கு ஒரு சொல் தேவை

அன்புள்ள நண்பர்களே,

துண்டறிக்கை நாளை மாலைக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். பொங்கல் விடுமுறையில் பெரம்பூர் முரசொலி மாறன் பூங்காவில் எங்கள் பிள்ளைகள் பறவை எண்ணப் போகிறார்கள். 2015இலிருந்து தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புதான். குறைந்தது கால் மணி நேரம் பார்த்ததையும் குரல் கேட்டதையும் எண்ணி பறவைப் பதிவுகளுக்கான ஈ-பேர்டு இணையதளத்தில் ஏற்றுவார்கள். இப்படிச் சாதாரண மக்களே தரவு திரட்டி அறிவியலுக்குக் கொடுக்கும் முறைக்குப் பொதுப்பெயர் சிட்டிசன் சயின்ஸ். 'குடிமக்கள் அறிவியல்' என்று எழுதி வகுப்பில் வாசித்தேன். கடைசி பெஞ்சில் ஒரே சிரிப்பு. வேறு சொல் உண்டா?

ராயபுரத்திலிருந்து:

தம்பி, சிரிப்புக்கு அஞ்சிச் சொல்லை விடலாமா? வள்ளுவர் மன்னனைக் குடிதழீஇக் கோலோச்சச் சொன்னது குடிகாரர்களை அணைக்கவா? குடி, குடில், குடிசை, குடியிருப்பு எல்லாம் ஒரே வேர். சேர்ந்து வாழ்வது என்ற பொருள் அதில் இருக்கிறது. குடிமக்கள் அறிவியலே இருக்கட்டும்.

வியாசர்பாடியிலிருந்து:

ஐயா, வேர் சரி. ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் குடிமக்கள் என்றால் முடிதிருத்துபவரும் துணி வெளுப்பவரும்தான். சாதி வைத்து ஏவிய சொல் அது. என் பாட்டி அந்தச் சொல்லைக் கேட்டால் முகம் திருப்பிக்கொள்வார். பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 'மக்கள் அறிவியல்' போதுமே?

கொளத்தூரிலிருந்து:

மக்கள் அறிவியல் ஏற்கெனவே வேறொன்றுக்கு வழங்குகிறது. அறிவியலை மக்களிடம் கொண்டுபோகும் இயக்கம் அது. இங்கே தரவு மக்களிடமிருந்து அறிவியலுக்குப் போகிறது. திசையே வேறு. ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல் இது, அதனால் 'கூடறிவியல்' என்கிறேன். கூடு அறிவியல், வினைத்தொகை. கூடிய, கூடுகிற, கூடும் என்று முக்காலமும் அடங்கும்.

ராயபுரத்திலிருந்து:

பெயர்ச்சொல்லாகப் படித்தால் குருவிக்கூட்டைப் பற்றிய படிப்பு என்றல்லவா ஆகும்! பறவை எண்ணும் இடத்தில் யாரும் அப்படித்தான் படிப்பார்கள். போகட்டும், அறிக்கையில் 'கரிச்சான்' என்று இருக்கிறதே, அது ஆண்டாள் பாடிய ஆனைச்சாத்தன். பழம்பெயரை அடைப்பில் போடுங்கள். வலியன், இரட்டைவால் குருவி, கரிக்குருவி என்று அதற்குப் பெயர்கள் எத்தனை!

பெரம்பூரிலிருந்து மறுபடியும்:

ஐயா, பெயர்ப் பட்டியலைத் தனித்தாளாகப் போடுகிறேன், அதற்கு நன்றி.

சொல்லுக்கு வருகிறேன். போன ஞாயிறு ஒத்திகைக்குப் போயிருந்தோம். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி புல்தரையில் ஏழு மைனாக்களுக்கு ஏழு கோடு போட்டாள். நாய் ஓடிவர, அவை பறந்து சுவருக்கு அப்பால் போயின. சற்று நேரத்தில் அதே பக்கமிருந்து ஏழு வந்து இறங்கின. பென்சிலைத் தூக்கியவள் அப்படியே நிறுத்தினாள். "அதே ஏழுதானே மிஸ் வந்திருக்கு? மறுபடி எழுதினா பொய்யாயிடும்ல?" என்று கேட்டாள். அறிவியல் அங்கேதான் நடந்தது. அவள் தயங்காமல் வாய்விட்டுச் சொல்லக்கூடிய சொல்தான் எனக்கு வேண்டும்.

'பொதுமக்கள் அறிவியல்' என்று போட்டுவிடவா? இன்றிரவு பத்து மணி வரை பார்ப்பேன்.

வியாசர்பாடியிலிருந்து: சரி. இப்போதைக்கு அதுவே.

கொளத்தூரிலிருந்து: அரைமனதோடு சரி. 'பொது' என்பதில் கூடிச் செய்வது வரவில்லை.

ராயபுரத்திலிருந்து: அச்சுக்குக் கொடுங்கள் அம்மா, நாளாகிவிட்டது. முதல் மடலில் தம்பி என்றுவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் குடிமக்களை நான் விடவில்லை. பொங்கல் கழித்து மறுபடி எழுதுவேன்.