எக்ஸ் அச்சு மைனஸ் பக்கம் முழுதும் போகாமல் ஓவர் டிராவல் அலாரம்: அவசர உதவி தேவை

இரவு ஷிஃப்ட்: எங்கள் சி.என்.சி. மில்லிங் இயந்திரத்தில் எக்ஸ் அச்சு மைனஸ் பக்கம் போகையில் ஓவர் டிராவல் (எல்லை தாண்டல்) அலாரம் வந்து நின்றுவிடுகிறது. டேபிள் நகர இன்னும் இடம் இருப்பது கண்ணுக்கே தெரிகிறது. நேற்று வரை இதே புரோகிராம் ஓடியது. என்ன செய்யலாம்?

அளவுகோல்: எந்தக் கன்ட்ரோலர், அலாரம் எண் என்ன, நிற்கும்போது மெஷின் கோஆர்டினேட் (இயந்திரத்தின் பூஜ்யத்திலிருந்து உள்ள தூரம்) எவ்வளவு காட்டுகிறது?

புது ஆபரேட்டர்: ஜி54 ஆஃப்செட்டை (வேலைப்பொருளின் பூஜ்யம் எங்கே என்று பதிந்த மதிப்பை) யாரோ மாற்றியிருப்பார்கள்.

பழைய ஃபிட்டர்: பாராமீட்டரில் பதிந்த எல்லைக்கும் லிமிட் சுவிட்சுக்கும் வேறுபாடு தெரியாமல் கேள்வி கேட்பதைப் பற்றி முன்பே பலமுறை எழுதிவிட்டேன். ஃபானக் கன்ட்ரோலரில் அலாரம் 501 என்றால் முன்னது, 507 என்றால் பின்னது. எதுவானாலும் கவரைத் திறந்து, சுவிட்சில் சிக்கியிருக்கும் உலோகச் சுருளைத் துடையுங்கள்.

இரவு ஷிஃப்ட்: ஃபானக், 501. திரையில் மைனஸ் 600 சரியாகவே வருகிறது; ஆனால் டேபிள் பழைய இடத்துக்குச் சுமார் 10 மி.மீ. முன்பே நிற்கிறது. காலையில் ஹோமிங் (இயந்திரம் தன் பூஜ்யத்தைத் தேடி எடுப்பது) செய்தபின் துளைகளும் 10 மி.மீ. தள்ளி விழுந்ததால் ஜி54ஐ மறுபடி எடுத்தேன், அதன்பிறகுதான் அலாரம். போன வாரமும் ஒருநாள் துளை இப்படித் தள்ளி, மறுநாள் தானாகச் சரியானது.

அளவுகோல்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். டேபிளை நகர்த்தும் பால் ஸ்க்ரூவின் பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 10 மி.மீ. ஆகவும், மோட்டார் அதனுடன் நேரடியாக இணைந்தும் இருந்தால், மாறியது எல்லை அல்ல, பூஜ்யம். ஹோமிங்கில் சுவிட்ச் டாக்கைவிட்டு (அதை அழுத்தும் உலோகத் துண்டைவிட்டு) விலகியபின், மோட்டாரின் சுழற்சியை அளக்கும் என்கோடரிலிருந்து சுற்றுக்கு ஒருமுறை வரும் மார்க்கர் பல்ஸ்களில் முதலாவதைத்தான் கன்ட்ரோலர் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும்; டாக் இம்மியளவு நகர்ந்து அந்தப் பல்ஸைத் தவறவிட்டால், அடுத்தது ஒரு முழுச் சுற்றுக்குப் பிறகே கிடைக்கும். ஹோமிங் செய்துவிட்டு டயக்னாஸிஸ் திரையில் 302ஐ (டாக் விட்ட இடத்திலிருந்து அந்த முதல் பல்ஸ் வரையான தூரம்) பாருங்கள்; பிட்சில் பாதியளவு இருக்க வேண்டும்.

புது ஆபரேட்டர்: அவசரத்துக்கு, மைனஸ் எல்லையைப் பதிந்திருக்கும் 1321 பாராமீட்டரை மைனஸ் 610 ஆக்கினால் போதாதா?

அளவுகோல்: கூடாது. பூஜ்யம் சரியாக விழும் நாளில் டேபிள் உண்மையாகவே 10 மி.மீ. கூடுதலாகப் போகும்.

பழைய ஃபிட்டர்: அதைத் தடுக்கத்தானே லிமிட் சுவிட்ச் இருக்கிறது?

அளவுகோல்: துடைக்கச் சொன்ன அதே சுவிட்சை நம்பியா? வேக ஓட்டத்தில் அது அழுந்தியபின்னும் டேபிள் உடனே நின்றுவிடாது.

பழைய ஃபிட்டர்: முப்பது ஆண்டுகளில் எனக்கு நிற்காமல் போனதில்லை. மேலும், அப்சல்யூட் என்கோடர் (மின்சாரம் போனாலும் இடத்தை மறக்காதது) என்றால் பெரும்பாலும் டாக்கே இராது என்பதை யாரும் கேட்கவில்லை.

அளவுகோல்: காலையில் ஹோமிங் செய்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

இரவு ஷிஃப்ட்: 302இல் 9.8 இருந்தது. கவரைத் திறந்தால் டாக்கின் ஒரு ஸ்க்ரூ விரலாலேயே சுழன்றது. டாக்கை 5 மி.மீ. அளவுக்கு நகர்த்தி இறுக்கினேன்; இப்போது 4.9. பழைய ஜி54 மதிப்பே பொருந்துகிறது. நன்றி.

பழைய ஃபிட்டர்: கவரைத் திறக்கச் சொன்னது நான்.