பொருள்: பனங்காட்டில் நம்பர் போட்ட மரங்கள் – என்ன வருகிறது என்று தெரிந்துகொள்வது எப்படி

அனைவருக்கும் வணக்கம்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் நம் ஊர்க் கண்மாய்க்குக் கிழக்கே பனைமரங்களில் வெள்ளை பெயின்டால் நம்பர் எழுதியிருக்கும் படம் ஒரு வாரமாகச் சுற்றுகிறது. சோலார் என்கிறார்கள், ரிசார்ட் என்கிறார்கள், துறைமுகம் என்றும் ஒரு குரல் வந்தது. எது வந்தாலும் "சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்புக் கூட்டம் போடுவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று இருப்பதுதான் ஆபத்து. எல்லாத் திட்டத்துக்கும் அந்தக் கூட்டம் கிடையாது.

சோலார் பேனல் மின்நிலையம் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலிலேயே இல்லை. கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கர். அந்த அளவுக்குப் போனாலும் பேனலுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை. ரிசார்ட் போன்ற கட்டடங்களுக்கு 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பைத் தொட்டால்தான் அனுமதி, அப்போதும் கூட்டம் இல்லை. எண்ணெய், எரிவாயு சோதனைக் கிணறுகளை 2020 ஜனவரியில் தாக்க அறிக்கை தேவைப்படாத பி2 வகைக்கு மாற்றியதோடு அதற்கும் கூட்டம் போயிற்று. கூட்டம் கட்டாயம் என்றால் அனல்மின் நிலையம், பெரிய துறைமுகம் மாதிரியானவற்றுக்குத்தான். ஆகவே முதல் தடயம் நிலம் கைமாறுவதில் கிடைக்கும்.

அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம், சர்வே எண், உட்பிரிவு கொடுத்து மூன்றையும் இறக்குங்கள்: பட்டா–சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் (நில அளவை வரைபடம்). பட்டா நிலமா, புறம்போக்கா என்பதை அ-பதிவேடு சொல்லும். நம் ஆட்கள் தடுக்கி விழும் இடம் வட்டத்தின் பெயர். பழைய பத்திரத்தில் இராமநாதபுரம் வட்டம் என்றிருப்பது இப்போது கீழக்கரையில் இருக்கலாம், திருவாடானை என்றிருப்பது ஆர்.எஸ்.மங்கலத்தில் இருக்கலாம். குக்கிராமத்தின் பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது. வருவாய் கிராமத்தின் பெயர்தான் வேண்டும், அது கிஸ்தி ரசீதில் இருக்கும்.

அடுத்து பதிவுத்துறை தளத்தில் வில்லங்கச் சான்று, அதாவது அந்த நிலத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல். சொந்த நிலத்துக்கு மட்டும் போட்டால் பயனில்லை. சுற்றியுள்ள பத்துப் பதினைந்து சர்வே எண்களுக்கும் கடைசி ஐந்து வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். சில மாதங்களுக்குள் ஒரே ஆளோ ஒரே கம்பெனியோ அடுத்தடுத்த எண்களை வாங்கியிருந்தால் யாரோ தொகுக்கிறார்கள் என்று அர்த்தம். 114/2 பிரிந்து 2ஏ, 2பி ஆகியிருந்தால் மூன்றுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். "வில்லங்கம் சுத்தம்" என்று வந்தாலும் நிம்மதி அடையாதீர்கள். பதிவு செய்யாமல் முத்திரைத்தாளில் எழுதி அட்வான்ஸ் கொடுத்த ஒப்பந்தம் இதில் ஏறாது.

கூட்டுப் பட்டா வைத்திருக்கும் வீடுகளுக்குத் தனியாக ஒரு சொல். ஐந்து பங்காளிகளில் ஒருவரிடம் பிரியாத பங்கை வாங்கிவிட்டு, பாகப்பிரிவினை வழக்குப் போட்டு மற்ற நால்வரையும் விற்க வைப்பது புரோக்கர்களின் பழைய வழி. அரசே நிலம் எடுத்தாலும் நோட்டீஸ் பட்டாவில் உள்ள பெயருக்குத்தான் போகும். அது இறந்துபோன தாத்தா பெயரில், பூட்டிய வீட்டுக் கதவில் ஒட்டப்படும். வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டாவை மாற்றாதவர்கள் இந்த விடுமுறையிலாவது முடித்துவிடுங்கள்.

நோட்டீஸ் கிடைத்தால் தொகையைப் பார்க்கும் முன் சட்டத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் என்றால் ஆட்சேபத்துக்கு 21 நாள். 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு என்றால் 60 நாள்.

கருத்துக் கேட்பு நடக்கும் திட்டமாக இருந்தால் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு, ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் வர வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும், அதை ஆட்சியர் அலுவலகத்தில் பார்க்கலாம். கூட்டத்துக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை கிடையாது, பத்துப் பேர் வந்தாலும் நடந்ததாகவே கணக்கு. ஊருக்கு வர முடியாதவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் அனுப்பலாம். "ஊரை அழிக்காதே" என்று அறுபது பேர் எழுதுவதைவிட, அறிக்கையில் விடுபட்ட ஊருணியைச் சர்வே எண்ணோடு ஒருவர் சுட்டிக்காட்டுவது மேல். கரைவலை இழுக்கும் பாடு, மீனவர்களின் கடற்கரைக் கொட்டகையான வாடி, அனல்மின் நிலையம் என்றால் வெந்நீர் விடும் இடம், மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அருகில் உள்ளதற்கு எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுங்கள்.

ரிசார்ட்டுக்குப் பிடி கடலோர மண்டல விதியில் இருக்கிறது. 2019 அறிவிக்கைப்படி கடலோரக் கிராமங்களில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் கட்டுமானம் இல்லாப் பகுதி. மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 2,161-க்கு மேல் இருந்தால் மட்டும் 50 மீட்டர். அந்தக் கோடு அரசின் கடலோர மண்டல வரைபடத்தில் உள்ள கோடு. கூகுள் படத்தில் தெரியும் நீர் விளிம்பிலிருந்து அளந்து புகார் அனுப்பினால் முதல் பதிலிலேயே தள்ளிவிடுவார்கள்.

சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்கள் ஏறும் ஒன்றிய அரசின் பரிவேஷ் தளத்தை மாதம் ஒருமுறை யாராவது பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் நம் மாவட்டத்தை ராம்நாட் என்றும் ராமநாதபுரம் என்றும் பலவிதமாக எழுதியிருப்பார்கள், எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள்.

– செயலாளர்

---

மறுமொழி:

அண்ணே, இரண்டு விஷயம் விட்டுப்போச்சு.

தகவல் உரிமை மனுவை இந்தியக் குடிமக்கள்தான் போட முடியும். சிங்கப்பூர், பிரிட்டன் பாஸ்போர்ட் எடுத்தவர்கள் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டையை வைத்துப் போடக்கூடாது. வளைகுடாவில் இருக்கும் தம்பிகள் போடட்டும். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள்.

இன்னொன்று பவர், அதாவது நம் சார்பில் செயல்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பவர் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டாவிட்டால் அதை வைத்து வேலை நடப்பது சிக்கலாகிவிடும். பட்டா மாற்றத்துக்கு என்றால் அதற்கு மட்டும் எழுதுங்கள். "விற்க, அடமானம் வைக்க, உடன்பாடு செய்ய" என்ற வரி மாதிரிப் படிவத்திலேயே அச்சாகி வரும். அதை அடித்துவிட்டு, சர்வே எண்ணை முழுதாக எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்த கிராம சபைக்கு முன் கிழக்குப் பனங்காட்டுச் சர்வே எண்களை அனுப்பிவையுங்கள் அண்ணே, வில்லங்கம் நான் போட்டுவிடுகிறேன்.