வெட்டவெளியில் நிர்வாணக் கலைப்படம்: உடம்போடு சமாதானமாக உதவுமா, எப்படி எடுப்பது?

வடகாற்று:

வணக்கம். இருப்பது வட ஜெர்மனி, பால்டிக் கடற்கரை காரில் ஒரு மணி நேரம். வயது 42. சிசேரியன் தழும்பு, அடிவயிற்றிலும் தொடையிலும் பிரசவ வரிகள், தைராய்டால் ஏறிய எடை. தன் நிர்வாண உடம்பையே பாறைகளோடு படமெடுத்த அமெரிக்கக் கலைஞர் லாரா அகிலாரின் பாலைவனப் படங்களைப் பார்த்ததிலிருந்து என்னை நானே அப்படி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. யாருக்கும் காட்டுவதற்கு அல்ல.

கையில் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ், 35 மற்றும் 85 மி.மீ. லென்ஸ், சுமாரான ட்ரைபாட் இருக்கின்றன. தனியாகவே எடுக்கலாமா, போட்டோகிராபர் வேண்டுமா? எங்கே போவது, சட்டச் சிக்கல் வருமா? எல்லாவற்றையும்விட, இது நிஜமாகவே உதவுமா, இல்லை வெறுப்பு இன்னும் கூடிவிடுமா? "நாலு கிலோ குறைத்துவிட்டு எடுங்கள்" வகை அறிவுரை மட்டும் வேண்டாம்.

ஒளிமானி:

மனசு சமாச்சாரத்தை மற்றவர்கள் சொல்லட்டும். நான் கேமரா பக்கம் மட்டும்.

முதலில் தூரம். போனில் எடுத்த படத்தில் தன் உடம்பு பிடிக்காமல் போகிறவர்களில் பலர் பார்ப்பது உடம்பை அல்ல, அகலக்கோண லென்ஸின் கோணலை. போனின் முதன்மை கேமரா ஏறக்குறைய 24-26 மி.மீ. லென்ஸுக்குச் சமம். ஒரு மீட்டர் தூரத்தில் வைத்தால் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் வயிறோ தொடையோ பெரிதாகும், ஓரத்தில் விழுவதெல்லாம் இழுபடும். உங்கள் 35 மி.மீ.யில் குறைந்தது 4 மீட்டர் தள்ளி நில்லுங்கள். அந்தத் தூரத்தில் ஃபிரேமுக்குள் சுமார் 4 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் அடங்கும். உடம்போடு பாறையும் மரமும் சேர்ந்து வரும். உடம்பு நடு மூன்றிலொரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஃபோகஸ்: படுக்கப்போகும் இடத்தில் பையை வைத்து அதில் ஃபோகஸ் பிடியுங்கள், பிறகு மேனுவலுக்கு மாற்றுங்கள். 35 மி.மீ., எஃப்/8, 4 மீட்டரில் பிடித்தால் ஏறத்தாழ 2.2 மீட்டரிலிருந்து 18 மீட்டர் வரை தெளிவாக இருக்கும்; ஒரு எட்டு முன்னே பின்னே போனாலும் கவலையில்லை. 85-இல் அந்த வசதி கிடையாது. எஃப்/8-இல் 6 மீட்டரில் பிடித்தால் 5 முதல் 7.5 மீட்டர் வரைதான். ஆட்டோஃபோகஸை விட்டுவைத்தால் முன்னால் ஆடும் புல்லைப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் மங்கிப்போவீர்கள்.

10 நொடி டைமரை நம்பாதீர்கள். ஓடிவந்து படுப்பதிலேயே நேரம் போய்விடும், மூச்சு வாங்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்த படம்தான் விழும். இன்டர்வல் டைமரில் 4 நொடிக்கு ஒன்று, 40 படம் என்று வையுங்கள். மொத்தம் இரண்டே முக்கால் நிமிடத்துக்குள் முடியும். முதல் பத்து போஸ் கொடுத்தவையாக இருக்கும். கேமரா இருக்கிறது என்பதே மறந்த பிறகு வருவதுதான் தேறும்.

எக்ஸ்போஷரில் நம் நிறத்துக்கு ஒரு கவனம் வேண்டும். பால்டிக்கின் வெள்ளை மணல், பனிமூட்டம், இவற்றின் முன்னால் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும். மாநிறத் தோல் கரிக்கட்டையாகிவிடும். எக்ஸ்போஷர் திருத்தத்தை +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். கரும்பாறை, அடர்ந்த காடு என்றால் நேர் எதிர்: −0.7. ஒரு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் தோலையே அளந்தால் இந்தக் கணக்கு தேவையில்லை, மாநிறம் கிட்டத்தட்ட நடுச்சாம்பலில்தான் விழும். பீச் (beech) மர இலைக்கூரையின் கீழே எடுத்தால் தோலில் பச்சை படியும், மஞ்சள் காமாலைக்காரர் மாதிரி இருக்கும். க்ரே கார்டில் ஒயிட் பேலன்ஸ் எடுங்கள், அல்லது காட்டின் ஓரத்துக்கு வந்துவிடுங்கள்.

வெளிச்சம்: மேகமூட்டமான நாள் போதும். பக்கவாட்டு வெளிச்சம் ஒவ்வொரு வரியையும் தழும்பையும் எடுத்துக்காட்டும், எதிர்வெளிச்சம் உருவத்தை மட்டும் விடும், மேகவெளிச்சம் இரண்டுக்கும் நடுவே. கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது சிவப்பு, ஆரஞ்சு ஸ்லைடரை ஏற்றினால் தோல் வெளுத்து வரிகள் மறையும். அழகுப் படத்துக்கு எல்லாரும் செய்வது. உங்கள் நோக்கத்துக்கு அதுதான் கெடுதல், தொடாமல் விடுங்கள்.

கருங்காலி:

இடமும் சட்டமும் நான் சொல்கிறேன்.

ஜெர்மனியில் ஆடையில்லாமல் இருப்பது மட்டுமே குற்றமாகாது. யாராவது முகம் சுளித்துப் புகார் கொடுத்தால் ஒழுங்குமீறல் சட்டத்தின் 118-ஆம் பிரிவில், பொதுத் தொந்தரவு என்று, அபராதம் வரலாம். ஆள் நடமாட்டம் இல்லாத இடம், எட்டும் தூரத்தில் ஒரு அங்கி, யாராவது வந்தால் அவசரப்படாமல் எடுத்துப் போர்த்திக்கொள்வது. இதற்கு மேல் சட்டப்படி பயப்பட ஒன்றுமில்லை.

எஃப்.கே.கே. கடற்கரைக்கு, அதாவது ஆடையில்லாமல் குளிப்பவர்களுக்கான கரைக்கு, போனால் சௌகரியம் என்று தோன்றும். படம் எடுக்க அதைவிட மோசமான இடம் கிடையாது. அங்கே கேமராவை வெளியே எடுப்பதே அநாகரிகம், பின்னணியில் யாராவது விழுந்துவிட்டால் அவர் புகார் கொடுக்கலாம். அந்தப் படம் வெளியே போனால் படவுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவும் உங்களுக்கு எதிராகத் திரும்பும். வெறுமனே உடையில்லாமல் இருந்து பழக அங்கே போங்கள், கேமராவை வீட்டில் வையுங்கள்.

அகிலார் மாதிரிப் பாறை வேண்டுமென்றால் பால்டிக் கரையிலேயே இருக்கிறது. பனியாறு ஸ்காண்டிநேவியாவிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து போட்ட கிரானைட் உருண்டைகள், செங்குத்துக் கரைகளின் அடியில் கிடக்கும். ஆனால் மழை பெய்த மறுநாள் அந்தக் கரையின் அடிவாரத்துக்குப் போகவே கூடாது, சரிந்து விழும். மணற்குன்றுகளில் பாதையை விட்டு இறங்குவதும் தடை. அவை கரைப் பாதுகாப்பு, புல்லை மிதித்தால் குன்றே போய்விடும். ஜூனில் விடியல் ஐந்து மணிக்கு முன்பே. வார நாள், மேகமூட்டம், ஆறு மணிக்குள் முடித்துவிட்டால் நாயோடு நடப்பவர்கள்கூட வரமாட்டார்கள்.

காடு என்றால் இரண்டு சங்கதி. விடியலும் அந்தியும் வேட்டைக்காரர்களின் நேரமும்கூட. உயரமான மரப்பரண் கண்ணில் பட்டால் அந்தப் பக்கம் வேண்டாம். பரணுக்குப் பக்கத்து மரங்களில், உப்புக்கட்டி வைத்த இடங்களில், கையளவுப் பச்சைப் பெட்டி கட்டியிருக்கும்: விலங்குகளுக்கான தானியங்கி கேமரா. உடை களையும் முன் சுற்றியுள்ள மரங்களை இடுப்பளவு உயரத்தில் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.

உண்ணி அடுத்தது. புல்லிலும் தாழ்ந்த புதரிலும் உட்கார்ந்திருக்கும், துணியில்லாத உடம்பில் ஏறினால் இடுக்கு, அக்குள், முழங்கால் மடிப்பு என்று தேடிப்போய்க் கடிக்கும். லைம் நோய்க் கிருமி பெரும்பாலும் பல மணி நேரம் ஒட்டியிருந்த பிறகே இறங்குவதால், வீட்டுக்கு வந்ததும் பார்த்துக் கூர்முனை இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து இழுத்துவிட்டால் ஆபத்து குறைவு. எண்ணெய், நகப்பூச்சு எல்லாம் வேண்டாம். பூச்சிவிரட்டியில் டீட் இருந்தால் அதைத் தொட்ட கையோடு கேமராவைத் தொடாதீர்கள், பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் தின்றுவிடும். ஓடையோரம் ஆளுயரத்துக்கு மேல் குடை மாதிரி வெள்ளைப் பூ பூத்த செடி நின்றால் தள்ளிப் போங்கள். அதன் பால் பட்ட இடம் வெயிலில் கொப்புளிக்கும்.

தாழை:

ஒளிமானி சொன்னதெல்லாம் சரி, ஆனால் "தொடாமல் விடுங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். அக்கா கேட்ட கேள்வியின் பாதி அங்கேதான் இருக்கிறது. படம் எடுப்பதில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை, எடுத்ததை எப்படிப் பார்க்கிறோம் என்பதில்தான் கூடுவதும் கெடுவதும்.

அகிலார் என்ன செய்தார் என்று பாருங்கள். 1996-இல் நியூ மெக்சிகோவில் எடுத்த கறுப்பு வெள்ளைத் தொடரிலும், பத்தாண்டு கழித்து ஜோஷுவா ட்ரீயில் எடுத்த வண்ணத் தொடரிலும் பல படங்களில் முகம் தெரியாது. முதுகைக் காட்டி, தலையை உள்ளே மடக்கி, பக்கத்திலிருக்கும் பாறையின் அதே வளைவில் குந்தியிருப்பார். பெரிய உடம்பு அவருக்கு. அந்த மடிப்புகள் பாறையின் மடிப்புகளுக்குப் பதில் சொல்லும். "வயிறு எப்படி இருக்கிறது" என்ற கேள்வி எழவே இடமில்லை, "இந்த வளைவு அந்த வளைவோடு பொருந்துகிறதா" என்பது மட்டும்தான். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்: இடத்துக்குப் போனதும் முதலில் உருவத்தைத் தேடுங்கள். வேர் எப்படி முறுக்கியிருக்கிறது, கல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கு உடம்பில் எது இணை என்று யோசியுங்கள். ஃபின்லாந்தில் பிறந்த ஆர்னோ ரஃபேல் மிங்கினென் 1971-லிருந்து இதையே செய்கிறார், கை கால்களை மலை முகடாகவும் ஏரிக்கரையாகவும் ஆக்கி, ஒட்டுவேலை எதுவும் இல்லாமல்.

பார்க்கும் முறை:

கேமரா திரையை அங்கேயே பார்க்காதீர்கள். முதல் படத்தைப் பார்த்ததும் இரண்டாவது படம் திருத்தமாகிவிடும், அப்புறம் எல்லாமே மறைப்பதற்கான போஸ்தான். ஃபிரேமும் வெளிச்சமும் சரியா என்று உடையோடு நின்று சோதித்துவிட்டு, திரையை அணைத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து, எல்லாப் படத்தையும் கட்டைவிரல் அளவில், ஒரே பக்கமாகப் போட்டுப் பாருங்கள். சின்னதாக இருக்கும்போது தழும்பு தெரியாது, உருவம் மட்டும் தெரியும். உருவத்தை வைத்து ஐந்தாறு தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு பெரிதாக்குங்கள். 100 சதவீதத்துக்குப் போய்த் தோலை மேய்வதை மட்டும் செய்யாதீர்கள். எதிரே நிற்கிற மனுஷர்கூட உங்களை அவ்வளவு நெருங்கிப் பார்க்கமாட்டார்.

தேர்ந்தெடுத்த படத்தை உச்சி முதல் பாதம் வரை வாய்விட்டுச் சொல்லுங்கள், மதிப்பெண் போடாமல். "இடுப்பு மேலே இரண்டு மடிப்பு, இரண்டாவதன் கீழே நிழல், தழும்பு இடமிருந்து வலம் கிடைமட்டம், தோலைவிட ஒரு பங்கு கருமை." "அசிங்கம்" என்று வந்தால் நிறுத்தி, அதே இடத்தை நிறம், வடிவம், திசை என்று மட்டும் திரும்பச் சொல்லுங்கள். உணவுக்கோளாறு சிகிச்சையில் கண்ணாடி முன்னால் நிறுத்திச் செய்வதும் ஏறக்குறைய இதுவேதான்.

ஆதாரம் கேட்பவர்களுக்கு: லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் கியோன் வெஸ்ட் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மற்றவர்களோடு ஆடையின்றி இருந்தவர்களுக்கு உடல் பற்றிய எண்ணம் மேம்பட்டது. அது கூட்டமாக இருப்பது பற்றியது, கேமரா பற்றியது அல்ல. பலவிதமான சாதாரண உடம்புகளைப் பார்ப்பதும் அங்கே வேலை செய்திருக்கலாம். தனியாகப் படம் எடுப்பதில் அந்தப் பாதி கிடையாது. கருங்காலி சொன்ன எஃப்.கே.கே. கடற்கரைக்குக் கேமரா இல்லாமல் முதலில் நான்கைந்து தடவை போய்வருவது அதனால்தான் நல்ல யோசனை.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளில் பலமுறை கண்ணாடியில் ஒரே இடத்தைச் சோதிப்பவர்கள், அந்த இடத்தை நினைத்து வெளியே போவதையே தவிர்ப்பவர்கள், சாப்பாட்டோடு சண்டை நடப்பவர்கள். இவர்களுக்குப் படம் இன்னொரு கண்ணாடியாகிவிடும். முதலில் மருத்துவர்.

வடகாற்று:

எல்லாருக்கும் நன்றி. தாழை, அந்தக் கட்டைவிரல் அளவு யோசனை பெரிய உபகாரம். இரண்டு சந்தேகம். இங்கே ஒரு போட்டோகிராபர் காசில்லாமல், அவருக்கும் படம் எனக்கும் படம் என்ற ஏற்பாட்டில் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார், சரிவருமா? டிசம்பரில் மதுரைக்குப் போகிறேன். லேப்டாப்பில் இந்தப் படங்கள் இருந்தால் பிரச்சினையா?

கருங்காலி:

காசில்லாத ஏற்பாடு என்றால் பெரும்பாலும் அவர் தன் பக்கத்தில் போட்டுக்கொள்ளத்தான். படவுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி உங்கள் சம்மதமில்லாமல் வெளியிட முடியாது. ஆனால் நீங்கள் பதிலுக்கு ஏதாவது வாங்கியிருந்தால், சந்தேகம் வரும்போது சம்மதித்ததாகவே கொள்ளப்படும். இலவசப் பிரதி அந்தக் கணக்கில் சேருமா என்ற வம்பே வேண்டாம், எடுக்கும் முன் எழுதி வாங்குங்கள்: வெளியீடு இல்லை, முகம் தெரியும் படம் அவரிடம் தங்காது, எந்தத் தேதிக்குள் அழிப்பார், தொட மாட்டார், உங்கள் தோழி ஒருவர் கூட இருப்பார். கடைசி இரண்டுக்கு முகம் சுளிப்பவரோடு போகாதீர்கள். உங்கள் நோக்கம் தெரிந்த பிறகு என் கருத்து, தனியாகவே எடுங்கள். தோழியைக் காவலுக்கு மட்டும் கூட்டிப்போங்கள், வழியில் நிற்கட்டும்.

இந்தியா: தனக்காக எடுத்து வைத்திருப்பது குற்றமில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67 தொடுவது ஆபாசமானதை மின்னணு வழியில் வெளியிடுவதையும் அனுப்புவதையும். முதல் தடவைக்கு 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். நிர்வாணம் என்பதாலேயே ஆபாசமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் அவீக் சர்க்கார் வழக்கில் சொல்லியிருக்கிறது, ஆனால் அதை உள்ளூர் ஸ்டேஷனில் விளக்கிக்கொண்டிருப்பது உங்கள் விடுமுறைக்கு நல்லதல்ல. அங்கே வெட்டவெளியில் எடுக்க நினைத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவு, பொது இடத்தில் ஆபாசச் செயல் என்று, வரும். படங்களை லேப்டாப்பில் கொண்டுபோகாதீர்கள். கடவுச்சொல் போட்ட வெளி டிஸ்கில் வைத்து வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

ஒளிமானி:

பாதுகாப்பில் விட்டுப்போனவை: கேமராவின் வைஃபை, ப்ளூடூத் அணைத்திருக்கட்டும், போன் செயலி படத்தைத் தானாக இழுத்து கிளவுடில் ஏற்றிவிடும். அதே போனிலிருந்து ஜி.பி.எஸ். குறியும் படத்துக்குள் போகும். இதற்கென்று தனி மெமரி கார்டு. வேலை முடிந்ததும் வெறும் டெலிட் போதாது, மீட்டுவிடலாம். முழுதாக ஃபார்மேட் செய்து அதன்மேல் மரம் மட்டையென்று கார்டு நிரம்பும்வரை எடுங்கள்.

இடுப்பு எலாஸ்டிக், பிரா பட்டை, சாக்ஸ் தடம் மறைய ஒரு மணி நேரமாவது ஆகும். வீட்டிலிருந்தே தொளதொள நைட்டியோ வேட்டியோ கட்டிக்கொண்டு காரில் ஏறுங்கள். செருப்பைக் கடைசி நொடியில் கழற்றுங்கள். பாய், ஃபிளாஸ்கில் சூடாக ஏதாவது. புல்லரித்துத் தோல் திட்டுத் திட்டாகும்போது நிறுத்திப் போர்த்திக்கொள்ள வேண்டியதுதான், அதற்கு மேல் எடுத்தால் முகத்திலும் தோளிலும் இறுக்கம் தெரியும்.

பிரிண்ட் போட்டுப் பார்ப்பதாக இருந்தால் கடை கியாஸ்க் பக்கம் போகாதீர்கள், பின்னால் வரிசை நிற்கும், படம் தட்டில் திறந்தபடி விழும். 13×18 செ.மீ. வரை வீட்டு இங்க்ஜெட்டே போதும், மேட் தாளில்.