கட்டக்கோரை என்ற கடற்பாசியைத் தாளில் ஒட்டவைப்பது எப்படி?

ராமேசுவரம் அருகே மண்டபம் ஊர்க் கடற்கரையில் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடற்பாசியைத் தாளில் பதித்துத் தொகுக்கக் கற்றுத்தருகிறோம். ஓவியமும் ஆச்சு, ஆய்வும் ஆச்சு. தெரிந்தவர்கள் உதவுங்கள்.

கரை ஒதுங்கியதை மட்டுமே எடுக்கிறோம், பாறையிலிருந்து பிடுங்குவதில்லை. தட்டில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் விட்டுப் பாசியை மிதக்கவிட்டு, அடியில் தடித்த தாளை (200 ஜிஎஸ்எம்) நுழைத்து, தூரிகையால் கிளைகளை விரித்து, சாய்வாகத் தூக்குகிறோம். மேலே மல்துணி, இருபுறமும் செய்தித்தாள், அதன்மேல் பாரம். செய்தித்தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். துணியை ஈரத்தோடு உரித்தால் பாசியும் கூடவே வந்துவிடும். தாளின் மூலையில் தேதி, இடம், கடல் ஏற்றமா வற்றமா என்று பிள்ளைகளே பென்சிலில் எழுதுகிறார்கள். பேனா மை ஊறிவிடும்.

கஞ்சிப்பாசி தன் பசையிலேயே ஒட்டிக்கொள்கிறது. கட்டக்கோரைதான் படுத்துகிறது: காற்றுப்பைகள் புடைத்து, காய்ந்ததும் எழும்பி உதிர்கிறது. பைகளைப் பாதியாகக் கீறலாமா, அரிசிக்கஞ்சி தடவலாமா? கஞ்சிக்குப் பூச்சி வருமே!

இன்னொன்று: கடல்நீரில் விரித்தால் உப்பு தங்கி ஈரம் இழுக்கிறது. நன்னீரில் ஊறினால் சிவப்புப் பாசியின் நிறம் கசிகிறது. எத்தனை நொடி அலசினால் போதும்?

10 மடங்கு பெரிதாக்கும் பழைய கைலென்சு வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்; அதற்கு மேல் பிள்ளைகளுக்குக் குவியம் பிடிக்க வருவதில்லை.