வெரபமில் ஐந்து நாளாகச் சாப்பிடுகிறேன், ராத்திரி வலி நிற்கவில்லை. நிறுத்திவிடலாமா?

ரவி_36:

வணக்கம். எனக்கு இருப்பது கிளஸ்டர் தலைவலி என்று போன வாரம்தான் தெரிந்தது. அதற்கு முன் நான்கு வருடம் சைனஸ் என்று நினைத்து வைத்தியம் பார்த்தேன், ஒரு கடைவாய்ப் பல்லையும் பிடுங்கியாயிற்று. வருடத்துக்கு ஒருமுறை வரும், ஆறேழு வாரம் பாடாய்ப் படுத்தும், அப்புறம் வந்த சுவடே இல்லாமல் போய்விடும்.

இந்த முறை ஆரம்பித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. ராத்திரி ஒன்றரைக்கு யாரோ தட்டி எழுப்பியது போல விழிப்பு வந்துவிடும். ஐந்து நிமிடத்துக்குள் வலது கண்ணுக்குப் பின்னால் வலி உச்சத்துக்குப் போகும். கண் சிவந்து தண்ணீர் கொட்டும், அந்தப் பக்க மூக்கு அடைத்துக்கொள்ளும், இமை பாதி இறங்கிவிடும். படுக்க முடியாது. உள்ளங்கையால் கண்ணை அழுத்திக்கொண்டு சுவரோரமாக நடந்துகொண்டே இருப்பேன். முக்கால் மணி நேரம். விடிவதற்குள் இன்னொரு முறை வரும்.

நரம்பியல் மருத்துவர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு வெரபமில் 80 மி.கி. ஒரு நாளைக்கு மூன்று வேளை எழுதிக் கொடுத்தார். மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளில் ரத்த அழுத்தம், நெஞ்சுவலி என்றுதான் இருக்கிறது, தலைவலி என்ற சொல்லே இல்லை. எனக்கு ரத்த அழுத்தம் சரியாகவே இருக்கிறது. ஐந்து நாள் ஆகியும் ஒரு மாற்றமும் இல்லை. முந்தாநாள் வலி தாங்காமல் ராத்திரி ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டேன், அதுவும் கேட்கவில்லை. வீட்டில் எல்லோரும் நிறுத்து என்கிறார்கள். என்ன செய்யலாம்?

கலைவாணி:

ரவி, நிறுத்தாதீர்கள். கூடுதல் மாத்திரையும் இனிமேல் போடாதீர்கள், அந்த ஒரு மாத்திரையைப் பற்றி நாளைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வெரபமில் வலி வந்த பிறகு அதை அடக்கும் மருந்து இல்லை, அடுத்த வலியை வரவிடாமல் செய்கிற மருந்து. தினமும் போட்டுக்கொண்டே இருந்தால்தான் பிடிக்கும், அதற்கும் இரண்டு மூன்று வாரம் ஆகலாம். நீங்கள் இப்போது சாப்பிடும் 240 மி.கி. ஆரம்ப அளவுதான். பலருக்கு 360, 480 என்று ஏற்றிய பிறகே வலி நிற்கிறது.

பதினோரு வருடமாக இந்தத் தலைவலியோடு இருக்கிறேன். இது ஆண்களுக்குத்தான் அதிகம் வரும் என்பார்கள். நான் பெண் என்பதால் முதல் மூன்று வருடம் ஒற்றைத் தலைவலி என்றே மருந்து கொடுத்தார்கள். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் இருட்டறையில் அசையாமல் படுப்பார்கள். நாமோ ஒரு இடத்தில் உட்கார முடியாமல் நடப்போம். அந்த ஒன்றை யாராவது கேட்டிருந்தால் மூன்று வருடம் மிச்சமாகியிருக்கும்.

நீங்கள் செய்ய நினைப்பதை நான் செய்தே பார்த்திருக்கிறேன். முதல்முறை வெரபமில் கொடுத்தபோது எட்டாம் நாள் நிறுத்திவிட்டேன். அந்தச் சுற்று ஒன்பது வாரம் இழுத்தது. அடுத்த வருடம் கண்ணோரம் லேசாகக் குறுகுறுத்த முதல் வாரத்திலேயே மருத்துவரைப் பார்த்து ஆரம்பித்தேன். பதினைந்தாம் நாள்வாக்கில் ராத்திரிக்கு இரண்டு என்பது ஒன்றாயிற்று, நான்காவது வாரம் முழு ராத்திரியும் தூங்கினேன்.

ஈசிஜியை மட்டும் தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள். ஆரம்பத்தில் எடுத்தது போதாது, ஒவ்வொரு முறை அளவை ஏற்றிய பிறகும் எடுக்க வேண்டும். எனக்கு 480-க்கு ஏற்றிப் பத்து நாள் கழித்து எடுத்தபோது பி-ஆர் இடைவெளி நீண்டிருந்தது, அதாவது இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போய்ச் சேர அதிக நேரம் எடுத்தது. எனக்கு மயக்கமும் இல்லை, படபடப்பும் இல்லை. அந்தத் தாளில் தெரிந்ததோடு சரி. மருத்துவர் 400-க்கு இறக்கினார், அடுத்த ஈசிஜி சரியாக இருந்தது. தலை சுற்றினாலோ நாடித்துடிப்பு மிகவும் குறைந்தாலோ அடுத்த ஈசிஜிக்காகக் காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.

மலச்சிக்கல் வர வாய்ப்பு அதிகம், முதல் நாளிலிருந்தே அதற்கு வழி செய்துகொள்ளுங்கள். கணுக்கால் கொஞ்சம் வீங்கலாம்.

இன்னொன்று, ஒரு நோட்டுப் போடுங்கள். என் பழைய நோட்டில் ஒரு வரி: "1.40, இடது, 50 நிமிடம், 9/10, மாத்திரை 11ஆம் நாள்." அவ்வளவுதான் எழுதுவேன். வலியில் இருப்பவருக்கு எல்லா ராத்திரியும் ஒரே மாதிரிதான் தோன்றும். 50 நிமிடம் 30 ஆனதை நான் நோட்டைப் புரட்டியபோதுதான் கண்டேன். மருத்துவரும் அதைப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்தார்.

இந்தச் சுற்று முடியும்வரை மது ஒரு வாய்கூட வேண்டாம். சுற்று இல்லாத மாதங்களில் ஒன்றும் செய்யாத அதே அளவு, சுற்றுக்குள் ஒரு மணி நேரத்தில் வலியைக் கிளப்பிவிடும்.

மருந்தாளுநர்_செந்தில்:

கலைவாணி அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் ஒன்று விடாமல் சொல்லுங்கள். ஒற்றைத் தலைவலிக்கென்று முன்பு கொடுத்த புரோபிரனலால் மிச்சம் இருந்தால் வெரபமிலோடு சேர்க்கக் கூடாது, இரண்டுமே இதயத்துடிப்பைக் குறைப்பவை. கிளாரித்ரோமைசின் மாதிரி சில ஆன்டிபயாட்டிக்குகளும், கொழுப்புக்கான சில மாத்திரைகளும் இதோடு ஒத்துப்போகாது.

வெரபமில் பிடிப்பதற்குள் உள்ள இடைவெளியைச் சமாளிக்க மருத்துவர்கள் கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு கொடுப்பது உண்டு. ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு 2021இல் லான்செட் நியூராலஜி இதழில் வந்தது. எல்லோருக்கும் வெரபமில் கொடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். 100 மி.கி. ஐந்து நாள், பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை 20 குறைத்தார்கள். முதல் வாரத்தில் அவர்களுக்குச் சராசரியாக 7.1 முறை வலி வந்தது, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 9.5. சர்க்கரை, வயிற்றுப்புண் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டை மாதக்கணக்கில் சாப்பிடக் கூடாது.

வெரபமில் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் கதவு மூடிவிடாது. லித்தியம் இருக்கிறது, ஆனால் ரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகம், தைராய்டையும் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். டோபிரமேட் இருக்கிறது. பின்மண்டை நரம்பில் போடும் ஊசி இருக்கிறது.

மீனா_ச:

என் கணவருக்கு இது இருக்கிறது. வந்துவிட்ட வலிக்கு உங்களிடம் இப்போது ஒன்றுமே இல்லை என்று தெரிகிறது, மருத்துவரிடம் ஆக்சிஜன் கேளுங்கள். பை வைத்த முகமூடியில் நிமிடத்துக்கு 12 லிட்டர், பதினைந்து நிமிடம். வலி தொடங்கியதுமே வைத்துவிட வேண்டும். இவருக்குப் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். சிலிண்டர் இருக்கும் அறையில் நெருப்போ சிகரெட்டோ கூடவே கூடாது.

ரவி_36:

எல்லோருக்கும் நன்றி. மருத்துவரிடம் பேசிவிட்டேன். கூடுதல் மாத்திரைக்குக் கடிந்துகொண்டார், ஆனால் பயப்பட ஒன்றும் இல்லை என்றார். ஸ்டீராய்டு இன்று காலை ஆரம்பித்தேன், ஆக்சிஜனுக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் 320-க்கு ஏற்றி மறுபடி ஈசிஜி. நோட்டும் போட்டாயிற்று. அக்கா, சுற்று முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அப்போது மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?

கலைவாணி:

ஒரேயடியாக வேண்டாம். இரண்டு வாரம் ஒரு வலிகூட வராமல் இருந்தால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஏற்றியது போலவே 80, 80-ஆக இறக்குவேன். இறக்கும்போது குறுகுறுப்பு திரும்பினால் சுற்று இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். ஒரு படி மேலே போய் இன்னும் கொஞ்ச நாள் இருப்பேன். ஆக்சிஜன் வந்ததும் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.