ஸ்பைவேரை நீக்கிய பிறகு எந்த இணையப் பக்கமும் திறக்கவில்லை, வைஃபை மட்டும் இருக்கிறது: உதவி தேவை

குடந்தை அச்சு:

வணக்கம். வீட்டில் டி.டி.பி. வேலைக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டர், விண்டோஸ் 10. பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடக்கும் ஒரு கல்யாணப் பத்திரிகை மேட்டரை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும் என்று அக்கா மகன் எங்கிருந்தோ ஒரு கன்வெர்ட்டரை இறக்கிப் போட்டிருக்கிறான். அன்று மாலையிலிருந்தே கூகுளில் எதைத் தட்டினாலும் வேறு ஏதோ தேடல் பக்கம் வர ஆரம்பித்தது. முகூர்த்த நாள் தேடினால்கூட லோன் விளம்பரம்.

விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் முழு ஸ்கேன் விட்டேன். சிவப்பில் சில பெயர்கள் காட்டியது, எல்லாவற்றுக்கும் 'ரிமூவ்' கொடுத்தேன். விளம்பரம் நின்றது, ஆனால் ரீஸ்டார்ட் செய்த பிறகு இணையமும் சேர்ந்து நின்றுவிட்டது. வைஃபை குறி முழுதாக இருக்கிறது, அதே வைஃபையில் போன் நன்றாக ஓடுகிறது. கம்ப்யூட்டரில் க்ரோம், எட்ஜ் இரண்டும் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை.

கடையில் கேட்டால் ஃபார்மேட் பண்ணிவிடலாம் என்கிறார்கள். பக்கம் வடிவமைக்கும் பழைய நிரலான பேஜ்மேக்கர் 7-ஐ இந்த மெஷினில் மல்லுக்கட்டி ஏற்றி வைத்திருக்கிறேன், அதன் சிடி இப்போது கையில் இல்லை. ஃபார்மேட் இல்லாமல் வழி உண்டா?

ஒரே கிளிக்:

ஃபார்மேட்தான் சார். ஒரு தடவை ஸ்பைவேர் புகுந்த சிஸ்டத்தை நம்பவே கூடாது. டி டிரைவில் இருப்பதைக் காப்பி எடுத்துக்கொண்டு புதிதாகப் போடுங்கள். மத்தியானத்துக்குள் முடிந்துவிடும்.

கேபிள்காரன்:

கிளிக் தம்பி, அவர் பேஜ்மேக்கர் கதையைச் சொல்லியும் முதல் வார்த்தையே ஃபார்மேட்டா? கொஞ்சம் பொறுங்கள்.

குடந்தை சார், போன் ஓடுகிறது என்றால் லைனும் ரவுட்டரும் பெரும்பாலும் சரி. கம்ப்யூட்டருக்குள்தான் கோளாறு. எந்த இடத்தில் என்று பிரித்துப் பார்க்கலாம். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து முதலில் பிங் (எதிர்முனையிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) என்று அடித்து கூகுள் சர்வரின் எண்ணான 8.8.8.8 கொடுங்கள். அப்புறம் பிங் கொடுத்து கூகுள் டாட் காம். முதலாவதற்குப் பதில் வந்து இரண்டாவதற்கு வராவிட்டால் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் கை வைத்திருக்கிறார்கள். இரண்டுக்குமே வராவிட்டால் அதற்கும் கீழே பிரச்சினை. இரண்டுக்கும் பதில் வந்தும் பிரவுசர் மட்டும் திறக்கவில்லை என்றால் அது வேறு கதை. பிரவுசர் என்ன சொல்கிறது என்று அந்த வரியையும் அப்படியே எழுதுங்கள். 'ஓப்பன் ஆகலை' என்று மட்டும் சொன்னால் இங்கே யாருக்கும் ஒன்றும் புரியாது.

குடந்தை அச்சு:

இரண்டுக்கும் பதில் வருகிறது சார். 'ரிப்ளை ஃப்ரம்' என்று நான்கு வரி, இழப்பு எதுவும் இல்லை.

க்ரோமில் 'நோ இன்டர்நெட்' என்று பெரிதாக இருக்கிறது. அதன் கீழே ப்ராக்ஸி சர்வரில் ஏதோ தவறு அல்லது முகவரி சரியில்லை என்ற பொருளில் ஒரு வரி. கடைசியில் சின்ன எழுத்தில் 'எர்ர் ப்ராக்ஸி கனெக்‌ஷன் ஃபெயில்டு'. நான் எந்த ப்ராக்ஸியும் போட்டதில்லை.

பழைய டாஸ்:

நீங்கள் போடவில்லை, அந்தக் கன்வெர்ட்டரோடு வந்தது போட்டிருக்கிறது. ப்ராக்ஸி என்றால் பிரவுசருக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் இடைத்தரகர்.

செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் போய், அதில் ப்ராக்ஸி என்ற பகுதியைத் திறங்கள். மேனுவல் ப்ராக்ஸி ஆன் ஆகியிருக்கும், முகவரியில் 127.0.0.1 என்றும் பக்கத்தில் ஒரு போர்ட் எண்ணும் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். 127.0.0.1 என்பது உங்கள் கம்ப்யூட்டரே. ஸ்பைவேர் மெஷினுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, பிரவுசர் கேட்பதும் பெறுவதும் எல்லாம் தன் வழியாகத்தான் போக வேண்டும் என்று வைத்திருந்தது. விளம்பரம் நுழைந்தது அந்த வழியில்தான். டிஃபெண்டர் அந்த நிரலைத் தூக்கிவிட்டது, அமைப்பைத் தொடவில்லை. பாலத்தை இடித்துவிட்டார்கள், 'இவ்வழியே செல்க' பலகையைப் பிடுங்கவில்லை. பிங் இந்தப் பலகையைப் பார்ப்பதே இல்லை, அதனால் அது நேராகப் போய்விடுகிறது.

மேனுவல் ப்ராக்ஸியை ஆஃப் செய்து முகவரியையும் அழித்துவிடுங்கள். அதே பக்கத்தில் மேலே 'யூஸ் செட்டப் ஸ்க்ரிப்ட்' என்று ஒன்று இருக்கும், அதில் ஏதாவது முகவரி இருந்தால் அதையும் எடுங்கள். பலர் இதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். ஃபயர்ஃபாக்ஸ் இருந்தால் அதற்குள் தனியாக ஒரு ப்ராக்ஸி அமைப்பு உண்டு, அதையும் பார்க்க வேண்டும்.

யூடியூபில் இதற்கு எல்லோரும் வின்சாக் (நிரல்களை இணையத்தோடு இணைக்கும் விண்டோஸ் பகுதி) ரீசெட் கொடுக்கச் சொல்வார்கள். எக்ஸ்பி காலத்தில் அது உயிர்காத்த மருந்துதான். அப்போதைய ஸ்பைவேர் எல்எஸ்பி என்ற அடுக்காக வின்சாக் சங்கிலிக்குள்ளேயே தன்னைக் கோத்துக்கொள்ளும், அதன் ஃபைலை மட்டும் அழித்தால் சங்கிலி அறுந்து இணையமே போய்விடும். 2004-ல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்த பிறகுதான் ஒரே கட்டளையில் அதைச் சரிசெய்ய முடிந்தது, அதுவரை தனிக் கருவி தேட வேண்டும். உங்கள் பிரவுசர் ப்ராக்ஸியைத்தான் குற்றம் சொல்கிறது, சங்கிலியை அல்ல. அந்த ரீசெட் ப்ராக்ஸி அமைப்பைத் தொடவும் தொடாது.

குடந்தை அச்சு:

பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள் சார். 127.0.0.1 அப்படியே இருந்தது. ஆஃப் செய்ததும் கூகுள் வந்துவிட்டது. மிக்க நன்றி!

குடந்தை அச்சு:

மன்னிக்கவும், மறுபடி வந்துவிட்டேன். ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் போட்டால் பழையபடி ப்ராக்ஸி ஆன் ஆகியிருக்கிறது. ஆஃப் செய்தால் ஓடுகிறது, ரீஸ்டார்ட் செய்தால் திரும்ப வருகிறது.

ஒரே கிளிக்:

நான் அப்போதே சொன்னேன்.

பழைய டாஸ்:

சொன்னீர்கள் தம்பி, சரி. ஆனால் இதுவும் தேடிப் பிடிக்கக்கூடியதுதான்.

மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் பக்கத்தில், தானாக ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் ஆட்டோரன்ஸ் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. அதை மட்டும், அந்தப் பக்கத்திலிருந்து மட்டும், இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பைத் தொட்டால் இன்னொரு கன்வெர்ட்டர் கதையாகிவிடும். அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடவிட்டு, ஆப்ஷன்ஸில் 'ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்' கொடுங்கள். பட்டியல் பாதியாகக் குறையும். அதில் மஞ்சளாகத் தெரியும் வரிகளுக்கு ஃபைல் இல்லை என்று பொருள், டிஃபெண்டர் தூக்கியதன் மிச்சமாக இருக்கலாம். இளஞ்சிவப்பு வரிகளுக்கு வெளியீட்டாளர் பெயரோ சரியான கையொப்பமோ இல்லை. சில நல்ல பழைய நிரல்களும் அப்படித்தான் தெரியும், பேஜ்மேக்கர் சம்பந்தப்பட்டது எதையாவது பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

'ஷெட்யூல்டு டாஸ்க்ஸ்' பகுதியை முக்கியமாகப் பாருங்கள். ப்ராக்ஸி ஒவ்வொரு லாகின் போதும் திரும்புகிறது என்றால் ஏதோ ஒன்று லாகின் போது ஓடுகிறது. சந்தேகமாக இருப்பதை அழிக்க வேண்டாம், டிக்கை மட்டும் எடுங்கள். தவறாகப் போனால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

குடந்தை அச்சு:

ஷெட்யூல்டு டாஸ்க்ஸில் ஒன்று இருக்கிறது. பெயர் ஏதோ 'அப்டேட் ஹெல்ப்பர்' என்று நல்ல பிள்ளை மாதிரி. ஆனால் ஓடுவது விண்டோஸின் கட்டளை நிரலான பவர்ஷெல். அதற்குப் பின்னால் 'விண்டோஸ்டைல் ஹிட்டன்' என்று போட்டு, ஆப்டேட்டா ரோமிங்கில் வாய்க்கு நுழையாத பெயருள்ள ஒரு ஃபோல்டரைக் காட்டுகிறது. ஃபோல்டரின் தேதி கன்வெர்ட்டர் போட்ட அதே நாள்.

பழைய டாஸ்:

ஆள் இவர்தான். ஜன்னல் தெரியாமல் ஓடு என்று பவர்ஷெல்லுக்குச் சொல்ல ஒரு சாதாரண அப்டேட்டுக்கு அவசியமே இல்லை. டிக்கை எடுத்துவிட்டு ப்ராக்ஸியை ஆஃப் செய்து, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். திரும்ப வராவிட்டால் அந்த டாஸ்க்கையும் ஃபோல்டரையும் அழித்துவிடலாம். கன்வெர்ட்டரையே இன்னும் அன்இன்ஸ்டால் செய்யவில்லை என்றால் அதையும் செய்யுங்கள், அதைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை.

அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய், டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்பே தேடும். கால் மணி நேரம் போல ஆகும். திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

சேலத்துச் சிட்டு:

இன்னும் சில இடங்கள் பார்க்க வேண்டும் அண்ணா. க்ரோமின் மூன்று புள்ளி மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்கிற மாதிரி வரி இருக்கிறதா? வீட்டுக் கம்ப்யூட்டரை எந்த நிறுவனம் நிர்வகிக்கப் போகிறது! இருந்தால் ஸ்பைவேர் பாலிசி வழியாக எக்ஸ்டென்ஷனையோ தேடல் பக்கத்தையோ பூட்டி வைத்திருக்கலாம். ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், க்ரோம் வரை போய்ப் பாருங்கள்.

எந்தத் தளப் பெயருக்கு எந்த எண் என்று கம்ப்யூட்டரே குறித்து வைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் நோட்பேடில் திறங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி. அங்கே ஆன்டிவைரஸ் தளங்களின் பெயர்களுக்கு முன்னால் 127.0.0.1 அல்லது 0.0.0.0 இருந்தால் அவற்றைத் திறக்கவிடாமல் செய்த வேலை அது.

குடந்தை அச்சு:

டிக் எடுத்த பிறகு ப்ராக்ஸி திரும்பவில்லை! கன்வெர்ட்டரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டேன். ஆஃப்லைன் ஸ்கேனில் ஒன்று மாட்டியது. க்ரோமில் அந்த நிறுவனம் வரி இல்லை. ஹோஸ்ட்ஸில் அடோபி பெயரில் மட்டும் வரிசையாகச் சில வரிகள் இருக்கின்றன. ஸ்பைவேரா?

சேலத்துச் சிட்டு:

இல்லை அண்ணா. அடோபியின் லைசன்ஸ் சோதனையைத் தடுக்கப் பலர் போடும் வரிகள் அவை, எதற்கு என்று நான் கேட்கவும் மாட்டேன்.

கேபிள்காரன்:

😀

சிரித்துவிட்டு ஒரு வேலை. அடாப்டரின் ஐபிவி4 ப்ராப்பர்ட்டீஸில் டிஎன்எஸ் 'ஆட்டோமேட்டிக்' என்றுதானே இருக்கிறது? நீங்கள் போடாத எண் இருந்தால் மாற்றுங்கள். இதைச் சொல்லக் காரணம் டிஎன்எஸ் எண்ணை மாற்றிவிடும் டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல். 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ அந்தக் கூட்டத்தைப் பிடித்தபோது நூறு நாடுகளுக்கு மேல் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்கள் அவர்களுடைய டிஎன்எஸ் சர்வரைக் கேட்டுக்கொண்டிருந்தன. சர்வர்களை உடனே அணைத்தால் அத்தனை பேருக்கும் இணையம் போய்விடும் என்று, நீதிமன்ற அனுமதியோடு அதே எண்களில் நல்ல சர்வர்களை வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். குற்றவாளி ஜெயிலில், அவன் எழுதி வைத்த எண் வீட்டு மெஷின்களில். உங்கள் ப்ராக்ஸி கதையும் அதே ஜாதிதான்.

ரவுட்டர் பக்கத்துக்கு இன்னும் அட்மின் அட்மின்தான் பாஸ்வேர்டு என்றால் அதையும் மாற்றிவிடுங்கள். அதே டிஎன்எஸ் எண்ணை ரவுட்டரிலும் மாற்றலாம், அப்போது போனும் மாட்டும்.

பழைய டாஸ்:

ஒன்று மிச்சம் இருக்கிறது, என் கணக்கில் அதுதான் பெரிது. பூட்டுக் குறி போட்ட ஹெச்டிடிபிஎஸ் பக்கங்களுக்குள் விளம்பரம் நுழைக்க வேண்டும் என்றால் ப்ராக்ஸி மட்டும் போதாது. 'இவரை நம்பு' என்று விண்டோஸிடம் ஒரு ரூட் சான்றிதழையும் ஏற்றியாக வேண்டும். ப்ராக்ஸி போனாலும் சான்றிதழ் உள்ளேயே கிடக்கும். வெளியில் எந்த அறிகுறியும் தெரியாது, இணையமும் நன்றாகவே ஓடும். 2015 பிப்ரவரியில் லெனோவோ லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரல் பற்றிப் பெரிய சத்தம் எழுந்ததே, அதன் விஷயம் இதுதான். எல்லா மெஷினிலும் ஒரே ரூட் சான்றிதழ், ஒரே ரகசியச் சாவி. சாவியை ஒருவர் எடுத்துவிட்டால் அத்தனை மெஷின்களிலும் போலி வங்கிப் பக்கத்துக்குக்கூட பூட்டுக் குறி வரவைக்கலாம்.

ரன் பெட்டியில் சர்ட்எம்ஜிஆர் டாட் எம்எஸ்சி அடித்து, 'ட்ரஸ்டட் ரூட்' பகுதியில் சான்றிதழ்களைப் பாருங்கள். தெரியாத பெயரை இரட்டைக் கிளிக் செய்தால் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று காட்டும். கன்வெர்ட்டர் போட்ட நாள் இருந்தால் சந்தேகப்படுங்கள். கண்டபடி அழிக்காதீர்கள், மைக்ரோசாஃப்ட், டிஜிசர்ட் போன்றவை இருந்தாக வேண்டும். சில ஆன்டிவைரஸ்களும் ஸ்கேன் செய்வதற்காகத் தங்கள் பெயரில் ஒன்று வைக்கும். சந்தேகமாக இருந்தால் அதே சிஸ்இன்டர்னல்ஸின் சிக்செக் கருவி, மைக்ரோசாஃப்ட்டின் நம்பிக்கைப் பட்டியலில் இல்லாத ரூட்களை மட்டும் பிரித்துக் காட்டும்.

குடந்தை அச்சு:

இருந்தது சார். எழுத்தும் எண்ணும் கலந்த பெயர், தேதி அதே நாள். ஆன்டிவைரஸ் எதுவும் நான் தனியாகப் போடவில்லை. அழித்துவிட்டேன். வங்கிப் பக்கம், ஜிமெயில் எல்லாம் சரியாகத் திறக்கின்றன.

ஒரே கிளிக்:

இவ்வளவு நேரத்தில் இரண்டு ஃபார்மேட் போட்டிருக்கலாம். விடுங்கள், ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த மெஷினில் நெட்பேங்கிங் செய்தீர்களா?

குடந்தை அச்சு:

பேப்பர் கடைக்குப் பணம் அனுப்பியது இதில்தான் தம்பி, கன்வெர்ட்டர் போட்ட அடுத்த நாள்.

ஒரே கிளிக்:

அப்படியானால் வங்கி, ஜிமெயில் பாஸ்வேர்டுகளைப் போனிலிருந்து மாற்றுங்கள், இந்த மெஷினிலிருந்து வேண்டாம். கூகுள் கணக்கில் தெரியாத சாதனம் ஏதாவது இருந்தால் வெளியேற்றுங்கள். பாஸ்புக்கைக் கொஞ்ச நாள் கவனியுங்கள், தெரியாமல் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

பழைய டாஸ்:

இதில் கிளிக் தம்பியோடு எனக்கு முழு உடன்பாடு. ஆஃப்லைன் ஸ்கேனில் மாட்டியதன் பெயரைச் சொல்லுங்கள். விளம்பரம் காட்டும் ஆட்வேர் வகை என்றால் இதோடு விடலாம். தொலைவிலிருந்து மெஷினை இயக்கும் வகை என்றால் பேஜ்மேக்கர் போனாலும் பரவாயில்லை, ஃபார்மேட்தான், அங்கே நான் வாதாட மாட்டேன்.

குடந்தை அச்சு:

ஹிஸ்டரியில் பார்த்தேன். 'ஆட்வேர்' என்றுதான் ஆரம்பிக்கிறது. வங்கி பாஸ்வேர்டு மாற்றிவிட்டேன், கணக்கில் எதுவும் குறையவில்லை. ஆனால் பத்திரிகை மேட்டர் இன்னும் பாமினியிலேயே இருக்கிறது!

சேலத்துச் சிட்டு:

அதற்கு எதையும் நிறுவ வேண்டாம் அண்ணா. பாமினியை யூனிகோடாக மாற்றும் பக்கங்கள் பிரவுசரிலேயே ஓடும், ஒட்டினால் மாற்றித் தரும். ஒற்றெழுத்தும் கொம்பும் மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள், மாப்பிள்ளை பெயரில் எழுத்து மாறினால் ஸ்பைவேரைவிடப் பெரிய வம்பு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, நீட்டிப்பு அப்டேட்டில் சேர்ந்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அக்கா மகனுக்கு அட்மின் இல்லாத தனிக் கணக்கு ஒன்று போட்டுக் கொடுங்கள்.

குடந்தை அச்சு:

கணக்கு போட்டாயிற்று. அவன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறான்.