பட்டறைக் கூரை காற்றில் போய்விட்டது, 3 லட்சம் கோடியில் எனக்கு எதுவும் இல்லையாம்

பேர்ணாம்பட்டுக்காரன்
9 ஜூன் 2020

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். சூறைக்காற்றில் பட்டறைக் கூரை போனால் எங்கேயாவது மனு கொடுக்க வழி இருக்கிறதா? சிறுதொழில்களுக்கு 3 லட்சம் கோடி ரூபாய் பிணையில்லாக் கடன் என்று மே 13-ஆம் தேதி நிதியமைச்சர் அறிவித்தாரே, அது கடனே வாங்காதவனுக்குக் கிடைக்காதா? பதில் தெரிந்தவர்கள் என் புலம்பலைத் தாண்டி நேராகக் கீழே போய் எழுதலாம். நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

பேர்ணாம்பட்டுக்கு வெளியே சொந்த இடத்தில் சிமென்ட் ஷீட் போட்ட பட்டறை. 8 தையல் மெஷின், தோலின் ஓரத்தைச் சீவ ஒரு ஸ்கைவிங் மெஷின். ஆம்பூர்ப் பக்கத்து நிறுவனம் ஒன்று தோலை வெட்டிக் கொடுக்கும். நாங்கள் ஓரம் சீவி, மடித்து, லைனிங் ஒட்டி, தைத்து, ஷூவின் மேல்பாகமாக, அதாவது அப்பராக, திருப்பிக் கொடுப்போம். ஜோடிக் கணக்கில் கூலி. அடிப்பாகம் வைப்பதெல்லாம் அவர்கள் வேலை. இத்தனை வருடத்தில் நாங்கள் தைத்தது முழு ஷூவாக நிற்பதை நான் இரண்டு மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 24 மாலை 6 மணிக்கு கொரோனாவுக்காக 144 தடை உத்தரவு என்றார்கள். அன்றைக்கு 640 ஜோடி பாதி வேலையில் மேஜைமேல் கிடந்தது. அப்படியே பூட்டினேன். எட்டுப் பெண்களுக்கும் மார்ச் சம்பளம் முழுதாகக் கொடுத்தேன், ஏப்ரலில் பாதி. மே மாதம் கொடுக்கவில்லை. கொடுக்க முடியவில்லை என்று எழுதினால் கௌரவமாக இருக்கும், ஆனால் வீட்டில் நகை இருந்தது, அடகு வைக்க மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. மின்கட்டணமோ, கணக்கெடுக்க ஆள் வரவில்லை என்று முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். பூட்டிக் கிடந்த மெஷினுக்கு ஓடியபோது வந்த பில். பிறகு கழித்துக்கொள்வார்களாம்.

மே மாதம் தளர்வு வந்து திறந்தால் ஆர்டர் ரத்து. ஜெர்மனியில் கடைகள் மூடிக் கிடந்ததால் சரக்கு தேங்கிவிட்டது என்றார்கள். சரி, அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. ஆனால் அதே ஜெர்மனி லுஃப்தான்சா விமான நிறுவனத்தைக் காப்பாற்ற 900 கோடி யூரோ தர ஒப்புக்கொண்டிருக்கிறது, அரசே 20 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்கிறது என்று செய்தியில் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. விமானத்தில் நான் ஏறியதுகூட இல்லை. இங்கே நம் பிரதமர் மே 12-இல் 20 லட்சம் கோடி என்று அறிவித்த மறுநாள், என் பட்டறையில் பேஸ்டிங் போடும், அதாவது பசை தடவி ஒட்டும், அம்மா கேட்டார்: "அண்ணா, அதில் நமக்கு எத்தனை பூஜ்யம்?"

கத்திரி முடிந்த வாரம் அது. வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களே வெயிலூர் என்று பேர் வைத்துவிட்டார்கள். கொரோனாவுக்குக் காற்றோட்டம் வேண்டுமே என்று ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருந்தேன். நாலரை மணிக்கு ஆந்திரா மலைப் பக்கம் கருத்தது. மழை ஒரு சொட்டு விழவில்லை, அதற்குள் புழுதியோடு காற்று உள்ளே புகுந்தது. கூரை ஒரு முறை பெருமூச்சு விட்டதுபோல் எழும்பி இறங்கியது. அடுத்த முறை எழும்பிய 14 ஷீட் இறங்கவே இல்லை. ஒன்று பக்கத்து மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. நல்லவேளை, பெண்கள் நாலு மணிக்கே கிளம்பியிருந்தார்கள். பிறகுதான் மழை வந்தது, அரை மணி நேரம். அதுவரை தூசிகூடப் படாமல் வைத்திருந்த அப்பர்கள் நனைந்தன. தோல் அவர்களுடையது, பொறுப்பு என்னுடையது.

மறுநாளே வங்கிக்குப் போனேன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எங்களிடம் தொழில் கடன் எதுவும் இல்லையே, இந்தத் திட்டம் வராது" என்றார்கள். "கடன் இல்லாமல் தொழில் செய்" என்று சொல்லிச் சொல்லித்தான் என் அப்பா என்னை வளர்த்தார். அது ஒரு குற்றமா?

காட்பாடி ஓய்வூதியர்
9 ஜூன் 2020

ஐயா, 31 வருடம் வங்கியில் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். உங்களுக்குச் சொன்ன பதில் விதிப்படி சரி. அந்த மேலாளரைத் திட்டாதீர்கள்.

2020 பிப்ரவரி 29 அன்று உங்கள் பெயரில் எவ்வளவு கடன் நிலுவையில் இருந்ததோ, அதில் 20 சதவீதம் கூடுதலாகத் தருவார்கள். திட்டம் அவ்வளவுதான். நிலுவை 25 கோடிக்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் 100 கோடிக்குள்ளும் இருக்க வேண்டும். நான்கு வருடத் தவணை, முதல் வருடம் அசல் கட்ட வேண்டாம், வங்கியில் வட்டி 9.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. திரும்பி வராவிட்டால் முழுத் தொகைக்கும் அரசு உத்தரவாதம். உங்கள் நிலுவை பூஜ்யம். பூஜ்யத்தில் 20 சதவீதம் என்ன என்று உங்கள் பேஸ்டிங் அம்மாவே சொல்லிவிடுவார்.

அரசு இதற்காக 3 லட்சம் கோடியை எடுத்து யாருக்கும் கொடுக்கவில்லை. வங்கி தன் பணத்தைக் கொடுக்கிறது, அரசு பின்னால் ஜாமீன் நிற்கிறது. ஏற்கெனவே கொடுத்த கடன் வாராக்கடன் ஆகாமல் முட்டுக் கொடுக்கும் ஏற்பாடு என்றுதான் எனக்குப் படுகிறது. தவணை ஒத்திவைப்பும் அப்படித்தான். ஆகஸ்ட் 31 வரை கட்ட வேண்டாம் என்கிறார்கள், வட்டி மட்டும் தூங்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்களுக்கு இருப்பது முத்ரா, சிறுதொழிலுக்கான மத்திய அரசின் கடன் திட்டம். கிஷோர் பிரிவில் 50,000 முதல் 5 லட்சம் வரை புதிதாகக் கேட்கலாம். பிணை கேட்கக் கூடாது. உத்யோக் ஆதார் என்கிற சிறுதொழில் பதிவு எண், பான், கூலி வாங்கிய பில்கள், ஒரு வருட வங்கிக் கணக்கு விவரம் எடுத்துப் போங்கள். ரொக்கத்தில் கூலி வாங்கியிருந்தால் சிரமம்தான்.

காப்பீடு இருக்கிறதா? தீ விபத்து பாலிசியில் பெரும்பாலும் புயல், வெள்ளச் சேதமும் அடங்கும். கடன் வாங்கியவர்களிடம் அந்த பாலிசியை நாங்களே வற்புறுத்தி எடுக்க வைப்போம். உங்களை வற்புறுத்த யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

குடியாத்தம் மாந்தோப்பு
10 ஜூன் 2020

கூரைக்கு மனு கொடுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடம். ஆனால் எதிர்பார்ப்பு வைக்காதீர்கள். நான் அனுபவப்பட்டவன்.

மத்திய அரசின் பேரிடர்ப் பட்டியலில் ஆலங்கட்டி மழை இருக்கிறது, வெறும் சூறைக்காற்று தனியாக இல்லை. ஐஸ் விழுந்தால் பேரிடர், காற்று மட்டும் அடித்தால் உங்கள் தலையெழுத்து. மாநிலம் விரும்பினால் பேரிடர் நிதியில் பத்தில் ஒரு பங்கு வரை உள்ளூர்ப் பேரிடர் என்று செலவழிக்கலாம். வீடு என்றால் ஓரளவு சேதத்துக்கு மண்சுவர் போன்ற கச்சா வீட்டுக்கு 3,200 ரூபாய், உறுதியாகக் கட்டிய வீட்டுக்கு 5,200. உங்களுடையது பட்டறை. வீடும் இல்லை, குடிசையும் இல்லை, மாட்டுக்கொட்டகையும் இல்லை. மாட்டுக்கொட்டகைக்காவது 2,100 உண்டு. உங்கள் ஷீட் போய் விழுந்ததே, அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு வேண்டுமானால் கிடைக்கும்!

எனக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு, குத்தகைக்கு. கிளிமூக்கு காய் முற்றி வரும் நேரம், ஒரே காற்று. உதிர்ந்ததைப் பொறுக்கி 4 ரூபாய்க்குக் கொடுத்தேன். மரப்பயிருக்கு ஹெக்டேருக்கு 18,000 நிவாரணம் என்று விதி, மூன்றில் ஒரு பங்காவது அழிந்திருக்க வேண்டும். எனக்கு அதைவிட அதிகமாகவே போனது. ஆனால் பட்டா என் பெயரில் இல்லை. காற்று யார் தோப்பு என்று பார்த்து அடிக்கவில்லை, பணம் மட்டும் பார்த்துத்தான் வரும்.

சத்துவாச்சாரி ஆசிரியர்
10 ஜூன் 2020

கடன் பற்றி எனக்குத் தெரியாது, காற்றைப் பற்றி இரண்டு வரி. பகல் முழுக்க நிலம் காய்கிறது. பிற்பகலில் வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வந்து மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றோடு மோதுகிறது. மலை இருக்கும் இடத்தில் அது மேலே எழும்ப இன்னும் வசதி. மேகம் உயர்ந்து, மழை விழத் தொடங்கும்போது குளிர்ந்த காற்று கனத்துக் கீழே கொட்டித் தரையோடு பரவும். உங்களை அடித்தது அதுதான், அதனால்தான் மழைக்கு முன்னால் வந்தது.

கூரையைக் காற்று மேலிருந்து பிடுங்குவது பாதிதான். திறந்த ஷட்டர் வழியாக உள்ளே புகுந்து கீழிருந்து தூக்கியது மறுபாதி. ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் ஜே போல்ட் எத்தனை போட்டிருந்தீர்கள்? ஓரத்து வரிசையில் நெருக்கமாகப் போடுங்கள். மேற்கே இருட்டினால் கொரோனாவைக் கொஞ்சம் மறந்து ஷட்டரை இறக்கிவிடுங்கள்.

மேல்பட்டி தையல்
12 ஜூன் 2020

அண்ணா, நானும் அப்பர் தைப்பவள்தான். உங்கள் பட்டறை இல்லை, இதேபோல் வேறு ஒன்று. உங்களுக்கு நடந்தது அநியாயம்தான். மே மாதச் சம்பளத்தைப் பற்றி மறைக்காமல் எழுதினீர்கள், எங்கள் முதலாளி அதைக்கூடச் சொல்லமாட்டார். ஆனால் ஒன்று கேட்க வேண்டும்.

சின்ன நிறுவனங்களுக்கு பிஎஃப் பணத்தை, தொழிலாளி பங்கு 12, முதலாளி பங்கு 12, இரண்டையும் அரசே ஆகஸ்ட் வரை கட்டும் என்று அறிவித்தார்கள். உங்கள் எட்டுப் பேருக்கு வந்ததா? வந்திருக்காது, அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. மின்சாரம் வைத்து வேலை செய்யும் இடத்தில் 10 பேர் ஆனால் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு, 20 பேர் ஆனால் பிஎஃப். அதனால்தான் நம் பக்கம் பட்டறை என்றால் எட்டுப் பேர், ஒன்பது பேர். பத்தாவது ஆள் வந்தால் அண்ணன் தம்பி பெயரில் பக்கத்துத் தெருவில் இன்னொரு பட்டறை திறக்கிறார்கள்.

அமெரிக்காவில் விமான நிறுவனங்களுக்குச் சம்பளத்துக்கென்று பணம் கொடுத்தபோது, செப்டம்பர் 30 வரை ஆளைக் குறைக்கக் கூடாது என்று எழுதி வாங்கினார்களாம். உங்களுக்கு வயிறு எரிந்த மாதிரி எனக்கும் எரிந்தது, வேறு காரணத்துக்கு. எனக்கு ஏப்ரலில் கிடைத்தது ரேஷன் கடை 1,000 ரூபாயும், ஜன்தன் கணக்கில் 500-உம். அந்த இரண்டிலும் என் பெயர் இருந்தது.

வங்கி உங்களைக் கணக்கில் தேடிப் பார்த்துவிட்டாவது "கடன் இல்லையே" என்றது. எங்களை யார் கணக்கில் தேடுவது அண்ணா?

பேர்ணாம்பட்டுக்காரன்
21 ஜூன் 2020

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

கிராம நிர்வாக அலுவலர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். நல்ல மனிதர், "கடை என்று எழுதட்டுமா, கொட்டகை என்று எழுதட்டுமா" என்று கேட்டார். பட்டறை என்றே எழுதச் சொன்னேன். மாட்டுக்கொட்டகை என்று சொல்லியிருந்தால் 2,100 வந்திருக்குமோ என்னவோ.

ஜே போல்ட் ஷீட்டுக்கு இரண்டுதான் போட்டிருந்தேன். ஆசிரியர் கேட்கும் வரை அதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. காப்பீடு கிடையாது.

முத்ராவுக்கு மனு கொடுத்திருக்கிறேன். கூலி பில்லில் முக்கால்வாசி ரொக்கம். ஐயா சொன்ன சிரமம் அப்படியே வந்து நின்றது. மனு நிலுவையில் இருக்கிறது.

640 ஜோடியில் 210 ஜோடி தேறவில்லை. லைனிங் உப்பி, பூஞ்சை பூத்துவிட்டது. நிறுவனம் என் கணக்கில் பற்று எழுதி டெபிட் நோட் போட்டு, தோல் விலையை இனி வரும் கூலியில் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. ஆர்டரை ரத்து செய்தவர்கள், ரத்தான ஆர்டரின் தோலுக்கு என்னிடம் பணம் கேட்கிறார்கள். மீதியைக் காயவைக்க எட்டுப் பேரில் ஆறு பேர் கூப்பிடாமலே வந்தார்கள். நிழலில் கொடி கட்டி இரண்டு நாள் ஜோடி ஜோடியாகத் தொங்கவிட்டோம். அந்த இரண்டு நாளைக்கும் கூலி கேட்கவில்லை.

மேல்பட்டித் தங்கைக்கு. உன் பதிலை மூன்று நாள் படிக்காமல் வைத்திருந்தேன், முதல் வரியைப் பார்த்ததுமே எங்கே போகும் என்று தெரிந்துவிட்டது. 2016-இல் பத்தாவது மெஷின் வாங்கப் பணம் இருந்தது. கணக்குப் பார்ப்பவர் வேண்டாம் என்றார், வாங்கவில்லை. நீ சொன்ன கணக்குதான் அது. கூலி ஜோடிக்கு இன்னும் இரண்டு ரூபாய் ஏறினால் இஎஸ்ஐ கட்டிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஏறியபோதும் கட்டவில்லை. நகையைப் போன வெள்ளிக்கிழமை அடகு வைத்தேன். மே மாதத்துக்குப் பாதிச் சம்பளம் போயிருக்கிறது. மீதி எப்போது என்று தேதி சொல்ல என்னால் முடியாது. எட்டுப் பேரின் ஆதார் நகலையும் வாங்கி வைத்திருக்கிறேன். பேஸ்டிங் அம்மா "எதற்கு அண்ணா, கடன் வாங்கப் போகிறீர்களா" என்று சந்தேகமாகத்தான் கொடுத்தார்.

ஒரு உதவி. 14-இல் 8 ஷீட் மாட்டிவிட்டேன், பழையது கிடைத்தது. இன்னும் ஆறு வேண்டும், எட்டு அடி, விரிசல் இல்லாமல். மாவட்டங்களை மண்டலங்களாகப் பிரித்து, அந்தந்த மண்டலத்துக்குள் மட்டும் இப்போது பஸ் ஓடுவதால் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் என்றால் வந்து பார்த்துவிட்டு வண்டி பேசிக்கொள்வேன். தார்ப்பாய்க்கு அடியில் மூன்று மெஷின் சும்மா நிற்கிறது.